பக்கத்திலேயே உட்கார்ந்த சொல்

கேள்வி: வேலைக்கு அனுப்பும் பயோடேட்டாவில் 'ஐ ஆம் ஆன் அஸிட்யுவஸ் வொர்க்கர்' என்று எழுதியிருக்கிறேன். 'கடின உழைப்பாளி' என்ற பொருள் வருமா? எப்படி உச்சரிப்பது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உழைப்பு அதில் உண்டு. ஆனால் நாள் தவறாமல், விடாமல் என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். லத்தீனில் 'ஆட்' என்றால் அருகில், 'ஸெடெரே' என்றால் உட்காருதல். எடுத்த காரியத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் அஸிட்யுவஸ். நீதிபதிக்கு உதவியாக அருகில் அமர்ந்தவர் 'அஸெஸர்' ஆனதும் இதே வேரிலிருந்துதான். 'பையன் உட்கார்ந்து படிச்சான்' என்கிறோமே, அந்த 'உட்கார்ந்து'வில் உள்ள பொருள்.

பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி மட்டும் கண்விழித்தவருக்கு இது பொருந்தாது. மார்கழிக் கச்சேரிக்கு ஆடியிலிருந்தே விடியற்காலையில் வயலினை எடுத்து, அதே வர்ணத்தை மூன்று காலத்திலும் தினம் வாசிக்கும் மாணவிக்கு அப்படியே பொருந்தும்.

'பெயின்ஸ்டேக்கிங்' வேறு. அச்சுக்குப் போகும் பக்கத்தில் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, ஒற்று விடுபட்டிருக்கிறதா என்று வரிவரியாக நகர்த்திப் பார்ப்பது அது. அழுத்தம் நுணுக்கத்தில். பெரும்பாலும் வேலையைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

அஸிட்யுவஸில் அழுத்தம் இரண்டாவது அசையில்: அ-ஸிட்-யு-அஸ். ஆசிடுக்கும் இதற்கும் உறவில்லை, 'ஆசிடியஸ்' என்று சொல்லாதீர்கள். எழுதும்போது ஏ-க்குப் பின் எஸ் இரண்டு, டி-க்குப் பின் யு. அந்த யு-வுக்குப் பதில் ஐ போடுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. செய்யும் காரியத்தைச் சொல்ல 'இன்' சேருங்கள்: 'ஷி ஈஸ் அஸிட்யுவஸ் இன் செக்கிங் தி அக்கவுண்ட்ஸ்'. வினையடை 'அஸிட்யுவஸ்லி'.

பயோடேட்டாவில் வேண்டாம் என்பதே என் கருத்து. எழுத்து நடைக்குரிய, கொஞ்சம் கனமான சொல். அடுத்தவர் நம்மைப் பற்றிச் சொன்னால்தான் அழகு. 'டிலிஜென்ட்' போதும். அதையும்விட, 36 மாதக் கணக்கையும் கெடு தேதிக்குள் முடித்துக் கொடுத்திருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

கேள்வி: 'இண்டஸ்ட்ரியஸ்', 'இண்டஸ்ட்ரியல்' – என்ன வித்தியாசம்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் ஊர் எஸ்டேட் இண்டஸ்ட்ரியல். ஷிப்ட் முழுக்கக் கை ஓயாமல் வேலை பார்த்து, கிளம்பும்முன் லேத்தில் ஒட்டிய இரும்புச் சுருளைத் துடைத்து எண்ணெயும் போடுகிறாரே, அவர் இண்டஸ்ட்ரியஸ்.