மாங்காய் கொள்முதல் விலைக்கு ரூல்ஸ் எஞ்சின் தேவையா?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் ரகம், பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பு அளவு), அழுகல் பார்த்து விலை போட ட்ரூல்ஸ் (விதிகளை எழுதிக் கொடுத்தால் அவற்றை ஓட்டும் ரூல்ஸ் எஞ்சின் மென்பொருள்) வேண்டுமா என்பது கேள்வி. ஒரு விதியின் விடை இன்னொன்றைத் தூண்டாது என்றால் வேண்டாம்; டேட்டாபேஸில் ஒரு டேபிள் போதும். அந்த டேபிளின் ஒவ்வொரு வரியிலும் விலையின் அமல் தேதி கட்டாயம். சீசனில் விலை மாறும்போது பழைய வரியைத் திருத்தினால், நேற்றைய பில்லுக்குக் கணக்கு காட்ட முடியாது.

எல்லையில்தான் வம்பே. "14 வரை", "14 முதல்" என்று இரு வரிகள் இருந்தால், சரியாக 14 பிரிக்ஸ் காட்டும் லோடு இரண்டிலும் விழும். டிஎம்என் (முடிவு விதிகளை டேபிளாக எழுதும் தரநிலை) டேபிளில் ஹிட் பாலிசி, அதாவது பல வரிகள் பொருந்தினால் என்ன செய்வது என்ற அமைப்பு, யுனிக் (ஒரே வரிதான் பொருந்தலாம்) என்றால் இது பிழையாக வெளியே தெரியும். ஃபர்ஸ்ட் என்றால் மேல் வரி சத்தமில்லாமல் ஜெயித்துவிடும்.

விதிகள் சங்கிலியாக ஓடினால் ட்ரூல்ஸ் சரி. ஆனால் அதிலுள்ள நோ-லூப் என்ற அமைப்பு, ஒரு விதி தன்னையே எழுப்புவதைத்தான் தடுக்கும். இரண்டு விதிகள் மாறி மாறி எழுப்பிக்கொண்டால் ஓட்டம் நிற்காது.