கயிறு பிடிக்கும் நாலு பேர்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்குகிறேன். தனி ஆளா, டீமா என்று நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இதோ.

கே: அண்ணா, மலப்புறத்திலிருந்து, முன்னால் நின்று கோல் அடிக்கும் நல்ல ஃபார்வர்டு ஒருவரைக் காசு கொடுத்து இறக்கினால் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸில் கோப்பை வருகிறதே. பதினொரு பேர் ஆடும் லெவன்ஸுக்கும் அது போதாதா?

ப: போதாது தம்பி. செவன்ஸில் மைதானம் சின்னது. இரண்டு பேரை வெட்டிவிட்டால் கோல் முகம்தான். லெவன்ஸில் 90 நிமிடத்தில் ஒருவன் காலில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிடம். மீதி நேரம் எங்கே நிற்கிறான், எப்போது ஓடுகிறான் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் சேர்ந்து ஆடிய இரண்டு சீசனிலும் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப், ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் கடைசி 16 அணிகள் சுற்றைத் தாண்டவில்லை. மூவரும் போன பிறகு, 2025 இறுதி ஆட்டத்தில் இன்டர் மிலானை 5-0 என்று அடித்தது. பந்து பறிபோனதும் முதல் ஆளாகத் துரத்தியவர் அதன் ஃபார்வர்டு டெம்பெலே.

கே: 1986-இல் மரடோனா ஒற்றை ஆளாக உலகக் கோப்பை வாங்கித் தரவில்லையா? (சித்தூர் அர்ஜென்டினா ரசிகர்கள்)

ப: அவர் இல்லாமல் அந்தக் கோப்பை இல்லை, சரி. ஆனால் பயிற்சியாளர் பிலார்டோ பின்னால் மூவரை நிறுத்தி, நடுவில் ஐவரை அடைத்து, மரடோனா தடுப்பு வேலை பார்க்காமல் ஆட வழி செய்தார். இறுதி ஆட்டத்தில் மரடோனா கோல் அடிக்கவே இல்லை. மேற்கு ஜெர்மனி 2-2 ஆக்கிய பிறகு, அவர் தட்டிவிட்ட பந்தைத் துரத்திப் போய் வலைக்குள் போட்டு ஜெயிக்க வைத்தவர் சக ஆட்டக்காரர் புருச்சாகா. அந்த ஓட்டம் இல்லையென்றால் அந்தப் பாஸ் யாருக்கு?

கே: பெரிய பெயரே இல்லாத டீம் ஜெயித்ததுண்டா?

ப: ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையில், 2004-இல் கிரீஸ். தோற்றால் வெளியே என்ற நாக்அவுட்டில் பிரான்ஸ், செக், போர்ச்சுகல் மூன்றையும் 1-0 என்று ஜெயித்தது.

கே: பந்தைத் தராமல் கயிறு பிடிக்க வைக்கிறீர்கள் என்று என் பையன் வந்து அழுகிறான். எதுக்குங்க அது?

ப: கேட்பது நியாயந்தானுங்க அக்கா. கோலைக் காக்கும் டிஃபென்ஸில் நாலு பேர் நிற்பார்கள். எட்டு எட்டு அடி இடைவெளியில் ஒரே தேங்காய்நார்க் கயிற்றைப் பிடிக்கச் சொல்வேன். நான் பந்தோடு இடப்பக்கம் நகர்ந்தால் நாலு பேரும் நகர வேண்டும். ஒருவன் தூங்கினால் கயிறு கையை அறுக்கும், பக்கத்தில் இருப்பவன் கத்துவான். ஒரு வாரம் சலித்துக்கொள்வார்கள். அப்புறம் கால் தானாக நகரும்.

இத்தாலியின் ஏசி மிலான் கிளப்புக்கு அப்போது பயிற்சியாளராக இருந்த சாக்கி இதைவிடக் கடுமை. கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேரை ஒழுங்காக நிறுத்தி, எதிரே குல்லிட், வான் பாஸ்டன் என்ற நட்சத்திரங்கள் உட்படப் பத்துப் பேரை விட்டு, கால் மணி நேரத்தில் கோல் அடியுங்கள் என்பாராம். பந்தை இழந்தால் தங்கள் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரு முறைகூட அடிக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மிலான்தான் 1989, 1990 இரண்டிலும் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) எடுத்தது.

போன வாரம் கயிற்றை எடுத்துவிட்டுத்தான் ஆட விட்டேன். ‘ஏறு, ஏறு’ என்று மற்ற மூவரையும் கூப்பிட்டு முன்னால் நகர்த்தியது உங்கள் பையன்தானுங்க.