லண்டன் எரிந்த வருடத்தில் ஒரு கல்யாணப் படம்

அன்புள்ள ஐயா,

ஆண்டனி அஸ்குவித் இயக்கிய 'கொயட் வெட்டிங்' படத்தை நீங்கள் பாராட்டி எழுதியதைப் படித்துவிட்டுப் பார்த்தேன். சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால் 1941இல், லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, கல்யாணப் பரிசுகளையும் அத்தைமார்களின் தொணதொணப்பையும் வைத்து ஒரு படமா? கதையில் போரின் சுவடே இல்லை. இது மக்களைத் திசைதிருப்பும் வேலையில்லையா?

மு., திருச்சி

அன்புள்ள மு.,

போர் இல்லாததற்கு நேரான காரணம் உண்டு. படத்துக்கு மூலமான எஸ்தர் மெக்ராக்கனின் நாடகம் லண்டனில் மேடையேறியது போருக்கு முன்பே, 1938இல். ஜேனட்டும் டல்லாஸும் சத்தமில்லாமல் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார்கள். உறவுக்கூட்டம் வந்து வீட்டை நிறைக்கிறது. உடை, பரிசு, விருந்து என்று ஆளாளுக்கு இழுக்க, கல்யாணமே வேண்டாம் என்று பெண்ணுக்குத் தோன்றிவிடுகிறது. முந்தைய இரவு டல்லாஸ் அவளைக் காரில் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

ரேட்டிகனும் டி குருன்வால்டும் திரைக்கதை எழுதியபோது இதைப் போர்க்காலத்துக்கு மாற்றவில்லை. அதுதான் படத்தின் பலம் என்பேன்.

அன்று தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 1940இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 4,70,000 திருமணங்கள் நடந்தன. அதற்கு முன் எந்த வருடமும் அவ்வளவு நடந்ததில்லை. பட்டாளத்தில் கிடைத்த இரண்டு மூன்று நாள் லீவுக்குள் அவசர அவசரமாக எத்தனையோ பேர் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் 1940 ஜனவரியிலேயே ரேஷனுக்குப் போய்விட்டன. ஆகஸ்டில் கேக்கின் மேல் சர்க்கரை பூசி விற்கவே தடை. சின்னக் கேக்கை உள்ளே வைத்து, மேலே அட்டையில் செய்த அலங்காரக் கேக்கைக் கவிழ்த்துப் போட்டோ எடுத்த கல்யாணங்கள் உண்டு. 1941 ஜூனில் துணிக்கும் கூப்பன் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன், தெருவெல்லாம் இருட்டடிப்பு. இரவில் நினைத்தவுடன் கார் எடுத்துக்கொண்டு போவது யாருக்கு முடியும்?

ஜேனட் ஏங்கிய அமைதியான கல்யாணம் இவர்களுக்குக் கேட்காமலேயே வாய்த்தது. அவள் தப்பியோடப் பார்த்த கூட்டத்தைத்தான் இவர்கள் பறிகொடுத்திருந்தார்கள். அத்தைமார் அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் உயிரோடு சண்டை போடுவதைப் பார்த்தபோது, போரை மறந்தா சிரித்திருப்பார்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர் எதை எடுத்துக்கொண்டது என்று தெரிந்தே சிரித்திருப்பார்கள்.

எடுத்தவர்களும் போருக்கு முகம் திருப்பியவர்கள் அல்லர். ரேட்டிகன் விமானப்படையில் சேர்ந்தார். அஸ்குவித் 1943இல் நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களைப் பற்றி 'வீ டைவ் அட் டான்' எடுத்தார்.

அப்புறம் ஒன்று. இதே நாடகத்தை 1958இல் ராய் போல்டிங் 'ஹாப்பி இஸ் த பிரைட்' என்று மறுபடி படமாக்கினார். ரேஷன் முழுக்க ஒழிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கதை அதேதான், ஆனால் அந்தக் கல்யாண வீட்டில் எனக்கு எந்தத் தவிப்பும் வரவில்லை. முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.