குளிரிலும் தேனீக்குப் பசிக்கும்: தோட்டக் கேள்வி-பதில்

கேள்வி: குளிர்காலத்தில் தேனீக்கள் கூட்டுக்குள்ளேயே முடங்கிவிடும் என்கிறார்கள். அவற்றுக்காக இப்போது பூச்செடி வைத்து என்ன பயன்?

பதில்: உறைபனி கொட்டும் இடங்களுக்குச் சொன்னதை மிதமான குளிருக்கும் அப்படியே பொருத்திப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. வெயில் ஏறி 12, 13 டிகிரியைத் தாண்டினாலே தேனீ வெளியே கிளம்பிவிடும். பறந்தால் பசிக்கும். கடுங்குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் கூட்டத்தைவிட, இதமான குளிரில் அலைந்து திரியும் கூட்டம் சேமித்த தேனை வேகமாகக் காலி செய்துவிடும். நாமோ சரியாக அந்த நேரம் பார்த்து, தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பூத்ததையெல்லாம் வெட்டித் தள்ளுகிறோம்.

கடுகு விதைத்தால் ஏறக்குறைய 40 நாளில் பூக்கும். இரண்டு வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் பூ விட்டுப்போகாது. துளசி, சூரியகாந்தி, காஸ்மாஸ் எல்லாமே நல்ல தேர்வுதான். வாங்கும்போது ஒற்றை அடுக்குப் பூவாகப் பார்த்து வாங்குங்கள். பந்துபோலத் திரண்ட அடுக்குப் பூக்கள் பலவற்றில் மகரந்தம் இருக்க வேண்டிய இடத்தையும் இதழே பிடித்துக்கொண்டிருக்கும். தேனீ உட்கார்ந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகும்.

கேள்வி: கொத்தமல்லி பூ விட்டுவிட்டது. இனிமேல் இலை தேறாது, பிடுங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். நானும் பல வருடம் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஒருமுறை சோம்பலில் விட்டுவைத்த நாலு செடிதான் என்னை மாற்றியது. காலை பத்து மணி வாக்கில் அதன் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். குடைபோல விரிந்த பூக்கொத்துக்கு மேலே, உடம்பில் மஞ்சள் வரி போட்ட ஒரு சின்ன ஈ அந்தரத்தில் அப்படியே நிற்கும், சட்டென்று விலகும், மறுபடி வந்து நிற்கும். தேனீ என்று நினைத்துப் பயப்படுவார்கள், அதற்குக் கொடுக்கே கிடையாது. வளர்ந்த ஈ தேனும் மகரந்தமும் சாப்பிடும். இந்த வகை ஈக்கள் பலவற்றின் புழுக்கள், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்றே வளரும். நாக்கு குட்டையான பூச்சிகளுக்குக் குழல் போன்ற பூக்களில் தேன் எட்டாது. கொத்தமல்லி, சோம்பு, கேரட் பூக்களில் தேன் மேலாகவே இருக்கும். நாலைந்து செடியையாவது விதை பிடிக்கும்வரை விடுங்கள். முற்றிப்போன முள்ளங்கிக்கும் இதே மரியாதை கொடுக்கலாம்.

கேள்வி: தக்காளி நிறையப் பூக்கிறது, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. தேனீ இல்லாததுதான் காரணமா?

பதில்: பாதிக் காரணம் குளிர். இரவில் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ காம்போடு விழும். அது போகப் போகச் சரியாகும். மீதிக்கு நீங்கள் உதவலாம். தக்காளியின் மகரந்தம் ஒரு குழலுக்குள் இருக்கிறது. உப்புக் குப்பியைக் குலுக்குவதுபோல அதிர்ந்தால்தான் கொட்டும். தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருந்தேனீ, பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டே உதிர்த்துவிடும். அது வராத மாடியில், ஈரம் காய்ந்த முற்பகலில் பூக்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். எலக்ட்ரிக் டூத்பிரஷின் பின்பக்கத்தைக் காம்பில் இரண்டு நொடி வைத்தாலும் போதும். வீட்டில் சிரிப்பார்கள், காய் பிடித்ததும் அடங்கிவிடுவார்கள்.

கேள்வி: அசுவினிக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறேன். இயற்கை மருந்துதானே, தேனீக்கு ஒன்றும் ஆகாதே?

பதில்: இயற்கை என்பதாலேயே எந்த நேரமும் எங்கேயும் அடிக்கலாம் என்றில்லை. தேனீக்கள் வீடு திரும்பியபின், சூரியன் மறையும் நேரத்தில், இலையின் அடிப்பக்கமாக அடியுங்கள். விரிந்த பூவை விட்டுவிடுங்கள். அசுவினி குறைவாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே உதிர்ந்துவிடும். பாதி நேரம் அதற்குமேல் தேவைப்படுவதில்லை. இமிடாகுளோபிரிட் என்ற செயற்கைப் பூச்சிக்கொல்லி கலந்த மருந்தை மட்டும் பூக்கும் செடி பக்கம் கொண்டுபோகாதீர்கள். வேரில் ஊற்றினாலும் செடி முழுக்கப் பரவி, தேனிலும் மகரந்தத்திலும் வந்து நிற்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தவே தடை போட்டது.

கேள்வி: தேனீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?

பதில்: தேவையில்லை. வெறும் தண்ணீர் வையுங்கள். ஆழமில்லாத தட்டில், தலை வெளியே தெரியும்படி கூழாங்கற்கள் போட்டு வைத்தால் கால் நனையாமல் நின்று குடிக்கும். கொசு முட்டையிடாதபடி இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கடைத் தேனைக் கரைத்து வைப்பது இன்னும் மோசம்; ஒரு கூட்டின் நோய் தேன் வழியாக அடுத்த கூட்டுக்குப் போகும்.

கேள்வி: ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரியால் வெட்டியதுபோல வட்டவட்டமாகக் காணோம். புழு எதுவும் கண்ணில் படவில்லை. என்ன மருந்து அடிப்பது?

பதில்: எதுவும் அடிக்காதீர்கள். அது இலைவெட்டித் தேனீயின் கைவரிசை. தின்பதற்காக வெட்டவில்லை, குட்டிகளுக்குத் தொட்டில் கட்ட எடுத்துப் போகிறது. நீள்வட்டத் துண்டுகள் சுவருக்கு, முழு வட்டம் மூடிக்கு. என் வீட்டுச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்றுக்குள், வயிற்றுக்கடியில் சுருட்டிய பச்சைத் துண்டோடு ஒன்று நுழைவதைப் பார்த்தபிறகு, அந்த ஓட்டைக்குச் சிமெண்ட் பூசும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். கவாத்து செய்த தண்டுகளை ஒட்ட வெட்டாமல் ஒரு சாண் விட்டுவையுங்கள். துளையுள்ள தண்டிலும், கூட்டமாக வாழாத சில தனித்தேனீக்கள் குடியேறும். செடிக்கு இதனால் நஷ்டமில்லை, அடுத்த தளிர் வந்ததும் வெட்டுத் தெரியாது.