280 என்று எழுதியிருந்தால் 280தானா?

கேள்வி: அண்ணே, தொண்ணூறுகளின் ஜப்பான் காடி (கார்) ஒன்று வாங்க ரொம்ப நாளாக ஆசை. ஸ்கைலைன் ஜிடிஆர், சுப்ரா, என்எஸ்எக்ஸ், ஜிடிஓ என்று எதன் ஜப்பான் கேட்டலாக்கைப் பார்த்தாலும் எஞ்சின் சக்தி 280 பிஎஸ் என்றே போட்டிருக்கிறது. ஆளுக்கொரு எஞ்சின் செய்தவர்களுக்கு எப்படி ஒரே எண் வந்தது?
செந்தூல் வாசகர்

தம்பி, சரியான இடத்தில் கண் வைத்திருக்கிறீர்கள். அது பேசி வைத்த எண். 1970இல் ஒரே ஆண்டில் 16,765 பேரைச் சாலையில் பறிகொடுத்த நாடு ஜப்பான். பாடுபட்டு அதைப் பாதியாகக் குறைத்தார்கள், ஆனால் 1988இல் கணக்கு மறுபடியும் 10,000ஐத் தாண்டிவிட்டது. அதே சமயம் கம்பெனிகள் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் போட்டு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டிருந்தன, போக்குவரத்து அமைச்சுக்கு அது பிடிக்கவில்லை. 1989இல் நிசான் ஃபேர்லேடி ஸட் 280 பிஎஸ்ஸோடு வந்தது, அதற்கு மேல் யாரும் போவதில்லை என்று உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டார்கள். சட்டம் கிடையாது, அபராதம் கிடையாது, வாய்வார்த்தைதான். 2004 வரை அந்த வார்த்தை நின்றது, அந்த வருடம் அக்டோபரில் ஹோண்டா லெஜெண்ட் 300 பிஎஸ்ஸோடு வந்த பிறகுதான் உடைந்தது. சில இடங்களில் 276 என்று பார்த்துக் குழம்பாதீர்கள். 280 பிஎஸ், 276 எச்பி, 206 கிலோவாட் எல்லாம் வேறு வேறு அலகில் சொன்ன ஒரே சக்திதான்.

ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போகிறவர், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பட்டது கேட்டலாக்கில் இருந்த எண், எஞ்சின் பல சமயம் கட்டுப்படவில்லை. ஜிடிஆரின் 2.6 லிட்டர் எஞ்சினைக் கம்பெனியிலிருந்து வந்தபடியே சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றினால் 300ஐத் தாண்டுவது பட்டறைக்காரர்களுக்குப் பழகிய விஷயம். சுப்ராவைப் பாருங்கள், ஜப்பானில் 280, அமெரிக்காவுக்குப் போனதில் 320. டோயோட்டா செஞ்சுரி 1997இல் 5 லிட்டர் வி12 எஞ்சினோடு வந்தது, அதற்கும் 280தான்! டார்க்குக்கு, அதாவது எஞ்சினின் முறுக்கு விசைக்கு, வரம்பு இல்லாததால் மிட்சுபிஷி லான்சர் எவோ 280ஐத் தொட்ட பிறகு அங்கேயே நின்றுகொண்டு டார்க்கை மட்டும் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனது. ஆகவே 280 என்று போட்ட இரண்டு காடிகள் ஒரே மாதிரி ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் ஆர்32 ஜிடிஆர் இருக்கிறது. டர்போ ஹோஸுக்குள் இருக்கும் ஒரு சின்னத் துண்டை எடுத்துவிட்டால் செலவில்லாமல் பவர் ஏறும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். எடுக்கட்டுமா?
பட்டர்வொர்த் வாசகர்

எடுக்காதீர்கள். குறைந்தது இப்போதைக்கு வேண்டாம். பட்டறைக்காரர் சொன்னது பொய்யில்லை. பானெட்டைத் திறந்து டர்போவின் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வுக்குப் போகும் மெல்லிய ரப்பர் ஹோஸைப் பாருங்கள், மஞ்சள் அடையாளம் இருக்கும், உள்ளே மோதிரம் மாதிரி நடுவில் ஊசித்துளை போட்ட ஒரு துண்டு. காற்றழுத்தத்தை அடக்கி வைத்திருப்பது அதுதான். விரல் நுனியில் நிற்கிற அளவு பொருள், எடுத்தவுடன் பூஸ்ட் ஒரு பார் பக்கம் ஏறிவிடும். சிக்கல் என்னவென்றால் அந்த டர்போவில் வெளிப்புகையால் சுற்றுகிற சக்கரம் செராமிக். லேசாக இருப்பதால் சட்டென்று சுழலும், ஆனால் சூடும் அழுத்தமும் கூடினால் சில்லுச் சில்லாக உடைந்து போகும். முப்பது வருடம் தாண்டிய டர்போ வேறு. முதலில் இரும்புச் சக்கர டர்போ, அப்புறம் எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப், எஞ்சின் கணினியான ஈசியூவின் டியூனிங், அதற்குப் பிறகுதான் அந்தத் துண்டில் கைவைக்க வேண்டும்.

கேள்வி: அந்த 280 ஒப்பந்தத்தால் சாலைச் சாவு குறைந்ததா? நம் மலேசியாவிலும் அப்படி ஒன்று வந்தால் நல்லதுதானே?
கிள்ளான் வாசகி

அம்மா, கணக்கைப் பார்த்தால் 280 வந்த பிறகும் சாவு ஏறிக்கொண்டுதான் போனது, 1992இல் 11,000ஐயும் தாண்டியது. குறைந்தது அப்புறம்தான், 2004இல் 7,500க்கும் கீழே வந்தது. சீட் பெல்ட், ஏர்பேக், 2002இல் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்குக் கடுமையாக்கிய தண்டனை, இவையெல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. கம்பெனிகளின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் 100 பிஎஸ் காடியும் பிளஸ் நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேக வரம்பைச் சுலபமாகத் தாண்டும் என்னும்போது, 280 என்ற வரம்பு யாரைக் காப்பாற்றும்? ஜப்பானியர்கள் வேகத்தையே 180 கிலோமீட்டரில் வெட்டும் கருவியும் வைத்தார்கள், ஜப்பானில் ஓடி இங்கே வந்த ரீகோன் காடிகளின் மீட்டர் 180ஓடு முடிவது அதனால்தான். அதுவும் நம் சாலைக்கு மிக அதிகம். இங்கே எனக்கு வேண்டியது பின் சீட்டில் உட்காருகிற பிள்ளைக்கும் பெல்ட். பள்ளி வாசலில் நின்று பாருங்கள், எத்தனை பிள்ளைகள் முன் சீட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு வருகிறார்கள் என்று. எனக்கு வயிறு கலங்குகிறது.

கேள்வி: என் பெரோடுவா கன்சில் 660க்கு ஜப்பான் டர்போ எஞ்சின் ஹாஃப்கட் (பழைய காடியிலிருந்து வெட்டியெடுத்த முன்பாதி) வாங்கிப் போட்டால் 64 பிஎஸ் வருமாமே? ஏன் அதற்கு மேல் இல்லை?
பத்துமலை வாசகர்

அதுவும் இதே கதையின் தம்பிதான். 1987இல் சுசுகி ஆல்ட்டோ வொர்க்ஸ் 64 பிஎஸ்ஸோடு வந்தது, ஜப்பானின் குட்டிக் காடிகளுக்கு அதுவே எல்லையாகிவிட்டது. 280 போய்விட்டது, இந்த 64 இன்னும் நிற்கிறது. உங்கள் கன்சில் டைஹாட்சு மிராவிலிருந்து வந்ததால் எஞ்சின் உட்காரும், 1000 சிசிக்குக் கீழே என்பதால் சாலை வரியும் அதே 20 வெள்ளிதான். ஆனால் எஞ்சின் மாற்றியதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிய வேண்டும், காப்புறுதிக் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்று கையை விரிப்பார்கள். அப்புறம், கன்சிலின் பிரேக் ஏறக்குறைய பாதி பவருக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. மிராவின் பிரேக்கையும் சேர்த்து மாற்றக் காசு இருந்தால் செய்யுங்கள், எஞ்சினுக்கு மட்டும்தான் காசு என்றால் அந்த ஹாஃப்கட்டை வாங்காதீர்கள்.