பட்டன் தெரிகிறது, வெட்டத் தெரியவில்லை

கேள்வி: அண்ணா, எனக்கு 24 வயது. தேனியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். சினிமா எடிட்டர் ஆக வேண்டும் என்பது ஆசை. இரண்டு வருடமாக டுடோரியலாகப் பார்த்துத் தள்ளியதில் சாஃப்ட்வேரில் எல்லா பட்டனும் தெரியும். ஆனால் நண்பனின் குறும்படத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியை வெட்ட உட்கார்ந்தால், எங்கே வெட்டுவதென்றே தெரியவில்லை. எடிட்டர்கள் இருக்கும் ஆன்லைன் குழுக்களில் கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடட்டுமா? இங்கிருந்தே கற்க முடியுமா? – பெயர் வேண்டாம், தேனி.

பதில்: தம்பி, எங்கே வெட்டுவதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ளாமலே பத்து வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் பரவாயில்லை.

கல்யாண வீடியோவில் பாட்டு வழிகாட்டும். தாளம் விழும் இடத்தில் வெட்டினால் பாதி வேலை முடிந்தது. தாலி கட்டும் நேரம்தான் உச்சம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. இரண்டு பேர் பேசும் காட்சியில் உச்சம் எது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ரஷ்ஷஸை, அதாவது வெட்டாமல் எடுத்தபடியே இருக்கும் காட்சிகளைப் பார்த்து நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். டுடோரியலில் இது வராது. அதில் பேசுபவர் ஏற்கெனவே பொறுக்கி வைத்த நாலு ஷாட்டோடு உட்கார்கிறார். நிஜத்தில் நாற்பது டேக் வரும். அதில் முப்பத்தாறை வேண்டாம் என்று ஒதுக்குவதுதான் எடிட்டிங்.

ஆகவே உங்களுக்கு இப்போது தேவை இன்னொரு டுடோரியல் அல்ல, வெட்டிப் பழக ரஷ்ஷஸ். எடிட்ஸ்டாக் என்ற தளத்தில் வெட்டிப் பழகுவதற்கென்றே ரஷ்ஷஸை விற்கிறார்கள். காசு கொடுக்க முடியாவிட்டால், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் தன் பயிற்சிப் புத்தகங்களையும் அவற்றுக்கான ஃபுட்டேஜையும் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. சாஃப்ட்வேரிலும் இலவசப் பதிப்பு உண்டு. (கிராக் செய்த சாஃப்ட்வேர் வைத்திருக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. வைத்திருந்தால் இன்றே தூக்குங்கள். ரிலீஸுக்கு முந்தைய ராத்திரி அது காலை வாரும்.)

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது வேறு வழி. நடிக்க ஆசைப்படும் இரண்டு நண்பர்களை டீக்கடை பெஞ்சில் உட்கார வையுங்கள். ஒருவர் கடன் கேட்க வந்திருக்கிறார், கேட்க வாய் வரவில்லை. ஒரு பக்க வசனம் போதும். போனில் இருவரும் தெரியும் ஒரு வைடு, ஆளுக்கொரு முக க்ளோஸ், கைகள் மட்டும் ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று டேக். ஒரே ஒரு எச்சரிக்கை: நிறைய போன்களில் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஒரே சீராக இருக்காது. டைம்லைனில் போட்டால் சத்தமும் உதடும் மெல்ல மெல்ல விலகும். முதலில் ஹேண்ட்பிரேக் அல்லது ஷட்டர் என்கோடர் என்ற மென்பொருள் வழியாக ஒரே சீரான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம்.

இப்போது வெட்டாதீர்கள். எல்லா டேக்கையும் கையில் மவுஸ் இல்லாமல் ஒருமுறை பாருங்கள். எங்கே உங்களுக்குச் சுருக்கென்றதோ அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதல்முறை பார்க்கும்போது தோன்றுவது இரண்டாம் முறை தோன்றாது, அதனால்தான் தாள். அப்புறம் அதே காட்சியை மூன்று தரம் வெட்டுங்கள்: கேட்பவன் பக்கம் நின்று ஒன்று, கொடுக்க மனமில்லாதவன் பக்கம் நின்று ஒன்று, மூன்றில் ஒரு பங்கு நீளத்தைக் குறைத்து ஒன்று. பின்னணி இசை கூடாது. பேசுபவன் முகத்தைக் காட்டுவதா, கேட்பவன் முகத்தைக் காட்டுவதா என்ற கேள்வி முதல் இரண்டிலேயே உங்களைப் பிடித்து உலுக்கிவிடும். நீங்கள் தேடும் 'எங்கே' அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்க எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு நல்ல வெட்டுக்கு ஆறு அளவுகோல்களை வைத்து மதிப்பெண்ணும் போட்டார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, லயத்துக்கு 10. நாம் ராத்திரியெல்லாம் பயப்படுகிறோமே, யார் எங்கே நின்றார் என்கிற இடத் தொடர்ச்சி, அதற்குக் கடைசியில் வெறும் 4. கண்ணாடி டம்ளர் இடக்கையிலிருந்து வலக்கைக்குத் தாவினாலும் முகம் நெஞ்சைத் தொட்டால் அந்த டேக்கை எடுங்கள். (மனிதர் நின்றுகொண்டேதான் எடிட் செய்வார். முதுகுவலிக்காரன் நான் இரண்டு நாள் முயன்று பார்த்தேன். கால்வலியும் சேர்ந்ததுதான் மிச்சம்.)

தொழிலில் இருப்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று அறிய, ஸ்டீவ் ஹல்ஃபிஷ் எடிட்டர்களைப் பேட்டி எடுக்கும் 'ஆர்ட் ஆஃப் தி கட்' தொடரைப் பாருங்கள். ஆங்கிலப் பேச்சு வேகம் பிடிபடாவிட்டால் எழுத்து வடிவத்தை வாசிக்கலாம். அதில் பட்டனைப் பற்றிப் பேச்சு குறைவு. இயக்குநரோடு ஒத்துப்போகாத நாளில் என்ன செய்தார்கள் என்பதுதான் அதிகம்.

சரி, குழுக்களுக்கு வருவோம். 'ப்ரோ, எக்ஸ்போர்ட் ஆகல, ஹெல்ப்' என்று கேட்டால் நானே பதில் சொல்ல மாட்டேன். எந்த சாஃப்ட்வேர், எத்தனையாவது பதிப்பு, கம்ப்யூட்டரில் ரேம் எவ்வளவு, ஃபைலின் கோடெக் (வீடியோவைச் சுருக்கி வைத்திருக்கும் முறை) என்ன, ஃப்ரேம் ரேட் என்ன, திரையில் வந்த எச்சரிக்கை என்ன, நீங்கள் ஏற்கெனவே எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஃபைலின் ஜாதகத்தை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒரு நொடியில் சொல்லிவிடும். இத்தனையும் எழுதி முடிக்கும்போது பாதி நேரம் விடை உங்களுக்கே தெரிந்துவிடும். பிரச்சினை தீர்ந்தால் எப்படித் தீர்ந்தது என்று திரும்பப் போய்ப் போடுங்கள். அடுத்த முறை உங்கள் கேள்விக்கு ஆள் வரும்.

வெட்டிய காட்சியைக் காட்டி 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். சூப்பர் என்பார்கள். எந்த இடத்தில் கவனம் சிதறியது, யார் மேல் கோபம் வந்தது என்று கேளுங்கள். உங்களைப்போலவே கற்கும் நாலு பேரைப் பிடித்து, ஒரே ரஷ்ஷஸை ஆளுக்கொரு விதமாக வெட்டி மாற்றிப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஐந்நூறு பேர் இருக்கும் குழுவைவிட அந்த நாலு பேர் போதும். எடிட்டிங் தெரியாத அம்மாவுக்கும் காட்டுங்கள். எந்த நிமிடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். ஒரு தொடரில் என்னிடம் உதவியாளராக இருந்த பையன், சத்தம் படத்தோடு பொருந்தவில்லை, சிங்க் ஆகவில்லை என்று உதவி கேட்டு ஒரு நிமிடக் காட்சியை அப்படியே குழுவில் போட்டுவிட்டான். அடுத்த வாரம் ஒளிபரப்பாக வேண்டிய மரணம் அதில் இருந்தது! அவனுக்கு வேலை போனது, எனக்கு வாழ்நாளுக்குப் போதுமான வசவு. அடுத்தவர் ஃபுட்டேஜை வெளியே விடாதீர்கள். சந்தேகம் கேட்க உங்கள் செருப்பைப் படம் பிடித்துப் போட்டாலும் போதும். கல்யாண வீடியோவுக்கும் இதே விதிதான். அது ஒரு குடும்பத்தின் சொத்து.

சென்னை? இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் பொறுங்கள். முறையாகப் படிக்க நினைத்தால் புனே திரைப்படக் கல்லூரியும் தரமணியில் எம்ஜிஆர் பெயரில் உள்ள அரசு நிறுவனமும் இருக்கின்றன. எடிட்டிங்குக்குத் தனிப் படிப்பு உண்டு, தகுதி விவரங்களை விசாரியுங்கள். உதவியாளராக நுழைவதென்றால் ஸ்பாட் எடிட்டிங் நல்ல வாசல். படப்பிடிப்பிலேயே உட்கார்ந்து அன்றைய ஷாட்களை அடுக்கிக் காட்டும் வேலை. சினிமாவில் நிலைக்க எடிட்டர்கள் சங்க அட்டையும் வேண்டியிருக்கும். அதன் நடைமுறையை வருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதுவரை உங்கள் ஸ்டுடியோவையே பயிற்சிக்கூடமாக்குங்கள். உதவியாளரிடம் யாரும் கலையை எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்ப்பது இவைதான்: சிங்க் செய்வது, கிளாப் போர்டு பார்த்து சீன், ஷாட், டேக் என்று பெயர் வைப்பது, வெட்டி முடித்து லாக் ஆன காட்சியைச் சத்தக்காரர்களுக்கு ஏஏஎஃப் என்ற ஃபைலாகவும் நிறம் சரிசெய்யும் டிஐ வேலைக்கு வேண்டிய வடிவிலும் பிரித்துக் கொடுப்பது, ஃபுட்டேஜுக்கு மூன்று காப்பி வைத்து அதில் ஒன்றை வேறு கட்டடத்தில் வைப்பது. முகூர்த்த ஃபுட்டேஜையே அடுத்த மாதத்திலிருந்து இப்படி அடுக்கிப் பழகுங்கள். முதலாளி சிரித்தால் சிரிக்கட்டும்.

வரும்போது மூன்று பேச்சுக் காட்சிகளை ஒரு பென் டிரைவில் கொண்டு வாருங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். லிங்க் அனுப்பினால் எடிட்டிங் அறையில் திறந்து பார்க்க யாருக்கும் பொழுதிருக்காது. பாட்டுக்கு வெட்டிய கல்யாண டிரெய்லரைத் தேனியிலேயே வைத்துவிடுங்கள்.