ஞாயிறு லீவு யார் கொடுத்தது?

அண்ணாச்சி, தாராவியில் படிக்கிற உங்கள் மகள், மில்களுக்கு ஞாயிறு லீவு வெள்ளைக்காரன் தானாகக் கொடுத்தது என்று புராஜெக்ட்டில் எழுத, டீச்சர் ஆதாரம் கேட்கிறார் என்றீர்கள். அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

போராடி வாங்கியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் புலே 1873-இல் தொடங்கிய சாதி எதிர்ப்பு இயக்கமான சத்யசோதக் சமாஜத்துக்காரர். 'தீனபந்து' பத்திரிகை நடத்தியவர். 1884-இல் பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டி மனு கொடுத்தார்: வாரம் ஒரு நாள் ஓய்வு, மதியம் அரை மணி இடைவேளை, காலை ஆறரையிலிருந்து பொழுது சாயும்வரைதான் வேலை, சம்பளம் 15-ஆம் தேதிக்குள். கேட்டதே இவ்வளவுதான் என்றால், அதுவரை எப்படிப் பிழிந்திருப்பார்கள், பாருங்கள்! முதலாளிகள் இறங்கி வந்தது 1890-இல். 1891-இல் வாராந்தர ஓய்வு சட்டத்திலும் ஏறியது. சாதி எதிர்ப்பும் தொழிலாளர் உரிமையும் ஒரே மனிதரிடம் சேர்ந்த இடம் இது. பாப்பா இதையே விரித்து எழுதட்டும்.